ஜப்பானியர் காலத்து முன்னோரைத் தேட எந்த ஆவணம் கைகொடுக்கும்?

இங்கிலாந்தில் 1939 செப்டம்பர் 29-ஆம் தேதி எடுக்கப்பட்ட பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரும், பிறந்த தேதியும், தொழிலும் இருப்பதால், அந்நாட்டார் தங்கள் போர்க்கால முன்னோரை எளிதில் கண்டுபிடிக்கிறார்கள். ஜப்பானியர் சிங்கப்பூரை ஆண்ட 1942–45 காலத்து முன்னோரைத் தேடும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அப்படி ஒரே இடத்தில் தேடக்கூடிய பதிவேடு இல்லை. 1941-இல் வந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போரால் நின்றுபோனது. 1947-இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பின் அறிக்கை தீவில் 938,144 பேர் இருந்ததைச் சொல்கிறதே தவிர, அவர்களுள் ஒருவருடைய பெயரையும் சொல்வதில்லை. தாத்தாவைத் தேடுபவர் அங்கே தொடங்க வேண்டியதில்லை.

பெயர் வேண்டுமானால் முதலில் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஜப்பானிய நிர்வாகம் வீட்டுக்கு வீடு கொடுத்த குடியிருப்புச் சான்றிதழில் குடும்பத் தலைவரோடு உடன் வசித்தவர்களின் பெயர்களும் குறிக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ் யார் யார் இருந்தார்கள் என்பதை, அதிலும் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் காட்டுவதால், எஞ்சியிருக்கும் தாள்களில் இதையே நான் முதன்மையாக மதிக்கிறேன். ஆனால் அதைப் படிக்கப் பொறுமை வேண்டும். அக்காலத் தாள்களில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 என்றிருந்தால் அது 1942. ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டைக் குறிக்கும் ஷோவா 17 என்பதும் அதே ஆண்டுதான். ஜப்பானிய எழுத்தில் ரகர லகர வேறுபாடு கிடையாது என்பதால் பெயர்கள் உருமாறித் தெரியலாம். நம்மிடையே தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயரும் இல்லாததால், தந்தை பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தினால் ஒழிய ஒருவரை நம்மவர் என்று முடிவு கட்டக் கூடாது.

முன்னோர் படைவீரராக இருந்தால் வழி வேறு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர்களைச் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி போர் நினைவகத்தில் தேடலாம். அங்கே 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதோடு, தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கெனத் தனி நினைவிடமும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதுடில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். இரண்டுமே குறுகிய வாயில்கள். சாதாரணக் குடும்பத்தார் அவற்றில் அகப்பட மாட்டார்கள்.

இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் விடுபட்டவர்கள் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்கள். அதே பாதையில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஜப்பானியர் ஆளுக்கொரு அட்டை எழுதினார்கள். பிரிட்டிஷ் கைதிகளின் அட்டைகள் இன்றும் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட அட்டை இல்லை. இந்த அநீதியை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அவர்களைத் தேடுபவருக்கு வாய்மொழிப் பதிவுகளே சிறந்த வழி. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தைப் பற்றி 1981 முதல் பலரைப் பேட்டி கண்டு சேமித்திருக்கிறது. நினைவு தேதிகளில் தவறும் என்பதால் இவற்றைக் குறைவாக மதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் தோட்டத்திலிருந்து யாரோடு போனார், யார் திரும்பவில்லை என்பதைப் பேச்சு சொல்லும். தேதியை மட்டும், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்துள்ள, ஜப்பானியர் காலத்து நாளிதழான 'சியோனான் ஷிம்பன்' இதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.