காத்திருந்து வாங்கிய மின்சாரக் கார்: நீண்ட நாள் ஓட்டியபின் சார்ஜிங் பற்றிச் சில செய்திகள்

மின்சாரக் கார் வாங்கிய சில வாரங்களிலேயே எழுதப்படும் அனுபவங்களில் அதன் வேகமும் அமைதியும்தான் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவை இரண்டும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். சார்ஜிங் அப்படியல்ல. கடும் வெயில், குளிர், நெடுந்தூரப் பயணம், கூட்டம் நிறைந்த சார்ஜிங் நிலையம், வீட்டு மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்ல முடியும். ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்ட நிலையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் அதிகபட்ச கிலோவாட் எண்ணை வைத்து ஒரு காரின் சார்ஜிங் திறனை மதிப்பிடக் கூடாது. அந்த எண் சில நிமிடங்களுக்கு மட்டுமே உண்மை. மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே பயணத்தைத் தீர்மானிக்கிறது.

என்னுடைய கார் 400 வோல்ட் வகையைச் சேர்ந்தது. பேட்டரியின் கொள்ளளவு சுமார் 60 யூனிட், அதாவது 60 கிலோவாட் மணி. வீட்டு ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் 7.2 கிலோவாட் வரையிலும், டிசி (நேர்திசை) வேக சார்ஜரில் 100 கிலோவாட் வரையிலும் ஏற்றிக்கொள்ளும். பேட்டரி நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை.

முன்பதிவு செய்தபோது சொல்லப்பட்ட டெலிவரி தேதி பலமுறை தள்ளிப்போனது. ஒருமுறை கப்பல் தாமதம் என்றார்கள், மறுமுறை உதிரிபாகம் வரவில்லை என்றார்கள், பிறகு நான் கேட்ட நிறம் அடுத்த தொகுதியில்தான் வரும் என்றார்கள். தாமதத்தைவிட, எதையும் எழுத்தில் தராமல் தொலைபேசியிலேயே பேசி முடித்ததுதான் என்னை வருத்தியது. ஒவ்வொரு உரையாடலுக்குப் பிறகும் அவர்கள் சொன்னதை நானே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தக் கேட்கத் தொடங்கிய பின்னரே பதில்களில் தெளிவு வந்தது. காத்திருப்பவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். தேதி, மாடலின் ரகம், ஒப்புக்கொண்ட விலை, ரத்து செய்தால் முன்பணம் திரும்பும் விதம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் காலம் வீணாகக் கழிய வேண்டியதில்லை. வீட்டில் சார்ஜ் ஏற்றுவதற்கான மின்பாதையை அமைக்க அதுவே சரியான நேரம். கார் வந்த பிறகு அவசரமாக எலக்ட்ரீஷியனைத் தேடுபவர்கள், இருக்கின்ற சாதாரண பிளக் பாயின்ட்டிலேயே செருகிவிடுகிறார்கள். அதில்தான் ஆபத்து இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியோ வாட்டர் ஹீட்டரோ சிறிது நேரம் மின்சாரத்தை இழுத்துவிட்டு நின்றுவிடும். காரோ இரவு முழுவதும், எட்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். 7.2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 32 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டம் மணிக்கணக்கில் ஓடும்போது, தளர்ந்த ஒரு திருகுகூடச் சூடாகி, பிளாஸ்டிக் கருகும் நிலைக்குப் போகலாம்.

நான் மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கெனத் தனி ஒயர் இழுக்கச் சொன்னேன். 6 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போதும் என்றார் எலக்ட்ரீஷியன். தூரம் சற்று அதிகமாக இருந்ததால் 10 சதுர மில்லிமீட்டர் போட்டோம். தனி எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்), தனி கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச், நல்ல எர்த் ஆகியவையும் வைக்கப்பட்டன. கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்சில் ஒரு நுணுக்கம் உண்டு. காரில் ஏசி மின்சாரம் டிசியாக மாற்றப்படுவதால், பழுது ஏற்படும்போது டிசி கசிவும் வர வாய்ப்பிருக்கிறது. சாதாரண வீட்டு ஸ்விட்சுகளில் பல அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி சுவர் சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இல்லையென்றால் பி வகை ஸ்விட்ச் போட வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுத்துவிடும். அதைக் காரின் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்வாரியத்திடம் அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்துவதற்கும் நாளாகும். அதற்கும் இந்தக் காத்திருப்புக் காலமே உதவியது.

டெலிவரி நாளில் வண்ணம், கீறல், உள்ளலங்காரம் எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மின்சாரக் காரில் இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, தயாரிக்கப்பட்ட மாதம். லித்தியம் அயன் பேட்டரி ஓடாமல் நின்றாலும் மெல்ல முதுமை அடையும். அதிலும் முழு சார்ஜில், வெப்பமான இடத்தில் நிறுத்தி வைத்தால் அது வேகமாக நடக்கும். பாதியளவு சார்ஜில் நிழலில் நின்ற காருக்கும், நிரப்பி வெயிலில் நிறுத்தப்பட்ட காருக்கும் இடையே காலப்போக்கில் வேறுபாடு தெரியும். இரண்டாவது, சிறிய 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், அதைக் காரோடு இணைக்கும் ரிலேக்கள் என்ற ஸ்விட்சுகளை இயக்குவது இந்தச் சிறிய பேட்டரிதான். கிடங்கில் நெடுநாள் நின்ற கார்களில் இது இறங்கிவிடும். கதவுகூடத் திறக்காமல் போகலாம். என் காரிலும் அது பலவீனமாகவே இருந்தது. சுட்டிக்காட்டியதும் அங்கேயே புதியது மாற்றித் தந்தார்கள். மூன்றாவது, ஏசி, டிசி இரண்டிலும் காரை அங்கேயே செருகிப் பார்ப்பது. விற்பனையாளருக்கு அது கூடுதல் வேலையாகத் தோன்றலாம். ஆனாலும் விடக் கூடாது. சார்ஜிங் முனையின் பூட்டு சரியாக விழுந்து விலகுகிறதா என்பது செருகிப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

வீட்டு சார்ஜிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் செருகினால் காலையில் தயாராக இருக்கிறது. 10 சதவீதத்திலிருந்து முழுவதும் ஏற்ற 54 யூனிட் தேவை. ஆனால் மீட்டரில் ஓடுவது சுமார் 60 யூனிட். இந்த இடைவெளி காரின் குறைபாடல்ல. ஏசியை டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜரில் வெப்பமாகவும், பேட்டரியைக் குளிர்விக்கும் பம்ப் முதலியவற்றை இயக்குவதிலும் அது செலவாகிறது. காரின் கணினிகள் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே 3.3 கிலோவாட்டில் மெதுவாக ஏற்றும்போது, நேரம் இரு மடங்காவதால் இழப்பின் விகிதமும் கூடுகிறது. மெதுவாக ஏற்றினால் மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் நம்புகிறார்கள்; என் மீட்டர் அதற்கு நேர்மாறாகவே காட்டுகிறது.

இனி வேக சார்ஜருக்கு வருகிறேன். சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளுகிறது, கார் வாங்கிக்கொள்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கட்டளையிடுவது கார்தான். கேபிளின் நுனியில் உள்ள 'கன்' எனப்படும் பிடியைக் காரில் செருகியதும் முதலில் பூட்டு விழும் சத்தம் கேட்கும். பிறகு காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும். அடுத்து, கேபிளில் மின்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்ய ஒரு சோதனை நடக்கும். எல்லாம் சரியாக இருந்தால் காருக்கு அடியில் ரிலே மூடும் 'டக்' என்ற ஒலி வரும். அதன் பின்னரே திரையில் ஆம்பியர் ஏறத் தொடங்கும். அந்த நொடி முதல், பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் 'இப்போது இவ்வளவு ஆம்பியர் கொடு' என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜர் தன்னால் முடிந்த வரை கொடுக்கும்.

திரையைக் கவனித்து உட்கார்ந்திருந்தால் முழுக் கதையும் அதிலேயே தெரியும். பேட்டரி மிதமான சூட்டில் இருக்கும்போது, 10 சதவீதத்தில் ஏறத்தாழ 365 வோல்ட், 270 ஆம்பியர்; அதாவது 100 கிலோவாட்டை ஒட்டிய அளவு. வோல்ட் மெல்ல ஏறுகிறது. 50 சதவீதத்தைத் தாண்டியதும் ஆம்பியர் படிப்படியாக இறங்கத் தொடங்குகிறது. 80 சதவீதத்தில் அது 100 ஆம்பியரைச் சுற்றி, ஏறத்தாழ 40 கிலோவாட்டாகிவிடுகிறது. 90 சதவீதத்தைக் கடந்தால் 20 கிலோவாட்டுக்கும் கீழே போய்விடும். 10 முதல் 80 வரை ஏறும் 42 யூனிட்டுக்கு எனக்கு வழக்கமாக ஆகும் நேரம் 40 நிமிடம். கணக்குப் பார்த்தால் சராசரி 63 கிலோவாட். இந்த 63தான் என் காரின் உண்மையான எண்; 100 அல்ல. அதிகபட்சம் 150 கிலோவாட் என்று விளம்பரம் செய்துகொண்டு அதைச் சில நிமிடங்கள் மட்டுமே தாங்கும் காரைவிட, 90 கிலோவாட்டை 60 சதவீதம் வரை விடாமல் பிடித்து நிற்கும் கார் சீக்கிரம் புறப்பட்டுவிடக்கூடும்.

ஏன் இப்படி இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எரிச்சல் வராது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து அமர்கின்றன. கூட்டம் நிறைந்த அரங்கில் காலி இருக்கையைத் தேடுவது போல, இடம் நிரம்ப நிரம்ப உள்ளே புகுவது மெதுவாகிறது. அப்போதும் அதே வேகத்தில் திணித்தால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்படாது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு கூர்மையாக வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. குளிரில் அயனிகளின் நகர்வே மந்தமாகிவிடுவதால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. பிஎம்எஸ் ஆம்பியரைக் குறைப்பது நம் பேட்டரியைக் காப்பாற்றத்தான்.

குளிர் எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதை ஒரு அதிகாலையில் கண்டேன். இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற காரை எடுத்துச் சிறிது தூரமே ஓட்டி, அருகிலிருந்த வேக சார்ஜரில் செருகினேன். அதே சார்ஜர், அதே 10 சதவீதத்தை ஒட்டிய நிலை. ஆனால் கார் கேட்டது 110 ஆம்பியர் மட்டுமே. பேட்டரி சூடாகச் சூடாகத்தான் அது மெல்ல உயர்ந்தது. அதிலிருந்து, புறப்படும்போதே வேக சார்ஜருக்குப் போகாமல், ஒன்றிரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிய பிறகே நிறுத்துகிறேன். பேட்டரி தன் ஓட்டத்திலேயே சூடேறி வருவதால் முதல் நிமிடத்திலிருந்தே நல்ல வேகம் கிடைக்கிறது.

சில நேரங்களில் குறை காரிலும் இல்லை, குளிரிலும் இல்லை, சார்ஜரில் இருக்கும். '150 கிலோவாட்' என்று எழுதியிருக்கும் இயந்திரத்தின் ஆம்பியர் வரம்பு 200 என்றால், 370 வோல்ட்டில் இருக்கும் என் காருக்கு அதிலிருந்து கிடைப்பது 74 கிலோவாட்தான். 800 வோல்ட் கார்கள் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்: வோல்ட் இரு மடங்கானால் அதே ஆம்பியரில் இரு மடங்கு ஆற்றல் போகும், கேபிளும் கூடுதலாகச் சூடாகாது. 2019இல் வந்த போர்ஷே டைகான் இந்த வழியைத் திறந்தது. ஹூண்டாய் ஐயோனிக் 5, தகுந்த சார்ஜர் கிடைத்தால் 10 முதல் 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் எட்டும் என்று அதன் நிறுவனம் அறிவித்ததும் இதனால்தான். சார்ஜரிலிருந்து குறைவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணம், ஒரே இயந்திரத்தில் இரண்டு கன்கள் இருப்பது. பக்கத்தில் வேறொரு கார் வந்து செருகியதும் ஆற்றல் பங்கிடப்பட்டு, என் திரையில் எண் சட்டென்று பாதியாகும். முடிந்தால் இரு பக்கமும் காலியாக உள்ள இயந்திரத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜரில் உட்கார்ந்திருப்பதை நான் நிறுத்திவிட்டேன். கடைசி 12 யூனிட்டுக்கு மட்டும், முதல் 42 யூனிட்டுக்கு ஆன நேரத்துக்கு ஏறத்தாழ நிகரான நேரம் பிடிக்கிறது. அதற்குள் கிளம்பி அடுத்த நிலையத்தில் மீண்டும் 10 சதவீதத்திலிருந்து தொடங்கினால், மொத்தப் பயண நேரம் குறைகிறது. பின்னால் காத்திருப்பவருக்கும் இடம் கிடைக்கிறது. அது சிறிய விஷயமல்ல.

அன்றாடப் பயன்பாட்டிலும் 80 சதவீதத்திலேயே நிறுத்தும்படி காரில் அமைத்திருக்கிறேன். நெடும்பயணத்துக்கு முந்தைய இரவில் மட்டும் 100 வரை போகிறேன். அதுவும் புறப்படும் நேரத்தில் நிறையும்படி. எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்த வகையில் சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் வோல்ட் பெரிதாக மாறுவதில்லை என்பதால், எத்தனை சதவீதம் மீதமிருக்கிறது என்பதில் பிஎம்எஸ் தடுமாறும். ஆகவே அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கையேட்டில் உங்கள் பேட்டரிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சரி.

இத்தனை நாள் ஓடிய பிறகு கொள்ளளவு சிறிது குறைந்திருக்கிறது. தொடக்கக் காலத்தில் சற்று விரைவாகவும் பிறகு மெதுவாகவும் குறைவது இவ்வகைப் பேட்டரிகளின் இயல்பு என்பதால் அது என்னை உறுத்தவில்லை. வேக சார்ஜரில் ஆகும் நேரமோ கூடவில்லை; சொல்லப்போனால் நெடும்பயணங்களில் குறைந்திருக்கிறது. இடையில் வந்த ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு, வழிகாட்டியில் சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகக் குறித்தால் கார் முன்கூட்டியே பேட்டரியைச் சூடேற்றத் தொடங்குகிறது. அதிகாலைக் குளிரிலும் இப்போது முதல் நிமிடத்திலேயே 200 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. இந்த வசதி காரைக் கையில் கொடுத்த நாளில் இருந்திருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் தங்கள் மாடலில் இது இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும் என்பதை டெலிவரிக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.