பனியாற்று நிலத்தோற்றங்கள் – வகுப்பறை மாதிரித் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

கும்பகோணத்தை அடுத்த எங்கள் பள்ளியின் புவியியல் வகுப்புக்காக, தஞ்சாவூரில் கல்விப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் இந்தத் தொகுப்பை வாங்கினோம். ஃபைபரில் வார்த்த புடைப்பு மாதிரி, மொரைன் (பனியாறு சுமந்துவந்து குவிக்கும் கல்லும் மண்ணும்) படிவு என்று எழுதிய சிறு கண்ணாடிப் பெட்டி, தமிழில் அச்சிட்ட கையேடு ஆகிய மூன்றும் சேர்ந்து விலை 3,200 ரூபாய்.

புடைப்பு மாதிரி மிக நேர்த்தியானது. இரு பள்ளத்தாக்குகளிலிருந்து இறங்கும் பனியாறுகள் ஒன்றாகக் கலக்குமிடத்தில், அவற்றின் உட்புறப் பக்க மொரைன்கள் இரண்டும் இணைந்து, நடுப்பனியின் மேல் கரிய பட்டையாக நீளும் இடை மொரைனாக மாறுவதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். கரும்பலகையில் எத்தனை கோடுகள் வரைந்தாலும் மாணவர்களுக்கு விளங்காத இடம் இது. வெண்மையான பனிப்பகுதியைத் தனியே கழற்றி எடுக்க முடிவது இன்னும் சிறப்பு. எடுத்ததும் அகன்ற ‘யு’ வடிவப் பள்ளத்தாக்கும், அதன் தரையில் பரவிய தரை மொரைனும், பனி முன்னேறி நின்ற எல்லையில் பிறைபோல் வளைந்த முனை மொரைனும் தெரிகின்றன. பனி உருகிய பின்னரே இந்நிலத்தோற்றங்கள் முழுமையாக வெளிப்படுகின்றன என்பதை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. ஆறு தான் சுமந்து வருவதைத் தரம் பிரிக்கிறது. வேகம் குறையக் குறையப் பெரிய கல் முதலிலும், மணல் அடுத்தும், வண்டலும் களியும் கடைசியிலும் படிகின்றன. அதனால்தான் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் எவ்வளவு உழுதாலும் கலப்பையில் கல் தட்டுவதில்லை. பனியாறோ தரம் பிரிப்பதே இல்லை. வீட்டளவுப் பாறையையும் மாவுபோன்ற களியையும் ஒருசேரச் சுமந்து, உருகும் இடத்தில் ஒரே குவியலாக விட்டுவிடுகிறது. டெல்டாவில் வளரும் பிள்ளைகளுக்கு மொரைனைப் பற்றிச் சொல்லவேண்டிய முதற்செய்தி இதுதான். ஆனால் பெட்டியில் இருப்பவை ஒரே அளவான, உருண்டு வழுவழுப்பான கூழாங்கற்கள். பனியாறு சுமந்த கற்கள் பெரும்பாலும் முனை மழுங்காதவை. பல கற்களில் பாறையோடு உராய்ந்த கீறல்களும் இருக்கும். ஆற்றுப் படுகையில் அள்ளிய கல்லை மொரைன் என்று காட்டினால், பிள்ளைகள் நேர்மாறான பாடத்தைப் படித்துவிடுவார்கள்.

மாதிரியிலும் ஒரு பிழை உண்டு. பனியாறு ஓடிய திசையில் நீண்டு கிடக்கும் படிவு மேடுகளான டிரம்லின் குன்றுகளைத் திசை மாற்றிப் பதித்திருக்கிறார்கள். செங்குத்தான மழுங்கிய முனை பனி வந்த திசையையும், மெலிந்து நீளும் வால் பனி சென்ற திசையையும் நோக்கியிருப்பதே முறை.

கையேடு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டின் மேடுகள் பழைய முனை மொரைன்கள் என்பதைச் சொல்லி, பிறகு இமயமலைக்கு வருகிறது. மொரைன் இறுகிய பாறையன்று, தளர்ந்த குவியல். அதன் பின்னால் தேங்கும் ஏரி எளிதில் உடைத்துக்கொள்ளும். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி அப்படித்தான் உடைந்தது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் பக்க மொரைன் சரிந்து விழ, எழுந்த அலை முன்கரையை உடைத்துப் பாய்ந்து, சுங்தாங்கில் தீஸ்தா ஆற்றின் அணையை அடித்துச் சென்றது. இந்தப் பகுதியை எங்கள் மாணவர்கள் தாமாகவே மறுபடி வாசித்தார்கள். ஒடிசாவின் தால்ச்சேரில் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனியாற்றுப் படிவுகள் இருப்பதைக் கையேடு சொல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. தீபகற்ப இந்தியாவும் ஒரு காலத்தில் பனிக்கடியில் கிடந்தது என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தி.

பெட்டிக்கு மாற்று ஒன்றை நாங்களே செய்துகொண்டோம். வயற்களி, கொள்ளிட மணல், கட்டட வேலையில் மிஞ்சிய கருங்கல் ஜல்லி மூன்றையும் பிசைந்து ஒரு தட்டில் குவித்தோம். அதே கலவையை ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரூற்றிக் குலுக்கிப் பக்கத்தில் வைத்தோம். குடுவையில் ஜல்லி அடியிலும் மணல் அதன் மேலும் களி உச்சியிலுமாக அடுக்கடுக்காகப் படிந்தன. தட்டில் எல்லாம் கலந்தே கிடந்தன.

புடைப்பு மாதிரிக்காகவும் கையேட்டுக்காகவும் இத்தொகுப்பைப் பள்ளிகள் தயங்காமல் வாங்கலாம். கண்ணாடிப் பெட்டியை நீக்கி விலையைக் குறைத்துத் தரும்படி கடையில் கேட்டுப் பார்க்கலாம்.