மூன்று வருஷ சர்வர் என்று சொல்லி 14,160 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், ஜாக்கிரதை

14,160 ரூபாய். அசல் பன்னிரண்டாயிரம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,160. இன்று காலை அந்தத் தளத்துக்குள் நுழையப் போனால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது. வாட்ஸ்அப்பில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவோம், அவர்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முன்கூட்டியே மிரட்டி வைத்திருக்கிறார்கள். சர்வர் இடத்தை வாடகைக்கு விடும் தளம். தமிழில் பேசுவார்கள். "உங்களுக்கே உங்களுக்கு ஒரு சொந்த விபிஎன்" என்று விளம்பரம் வரும். விபிஎன் என்றால், நாம் அனுப்புவதைப் பூட்டி ஒரு சர்வர் வழியாக இணையத்துக்கு அனுப்பும் பாதை. ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு இதுவே போதும். மற்றவர்களுக்காக, இந்த வேலையை ஒழுங்காக எப்படிச் செய்வது என்பதையும் கடைசியில் படிப்படியாக எழுதுகிறேன்.

திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். நிட்டிங், டையிங், சின்னச் சின்ன பனியன் கம்பெனி என்று கிளையண்டுகள். அவர்கள் போர்ட்டல் பாஸ்வேர்டெல்லாம் என்னிடம்தான் இருக்கும். பெங்களூரு போனால் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் எனக்குக் கிடைப்பது கீழ்த்தள அறை. போனில் சிக்னல் துளியும் இருக்காது, ஹாட்ஸ்பாட் என்ற பேச்சுக்கே இடமில்லை. வைஃபை பாஸ்வேர்டோ ரிசப்ஷன் சுவரில் ஒட்டியிருக்கும். டபிள்யூபிஏ2 வகை வைஃபையில் பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒன்றே என்றால், அது தெரிந்த பக்கத்து அறைக்காரர் நம் கருவி வைஃபையில் சேரும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டால் போதும், நாம் காற்றில் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்க முடியும். பாஸ்வேர்டே இல்லாத திறந்த வைஃபை என்றால் அந்தச் சிரமமும் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க் எல்லாம் எச்டிடிபிஎஸ்-இல், அதாவது நம் கருவிக்கும் தளத்துக்கும் நடுவே பூட்டிய இணைப்பில் ஓடுவதால் உள்ளே போகும் பாஸ்வேர்டு தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும். லாட்ஜ் வைஃபை பெயரிலேயே இன்னொருவன் ஒரு வைஃபையைத் திறந்து வைத்தால் அதில் போய் மாட்டுவதற்கும் வாய்ப்பு உண்டு.

இதில் பாதியைத்தான் அந்தத் தளத்தின் ஆள் எனக்குச் சொன்னார். "லாட்ஜ் வைஃபைல உங்க பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே பச்சையாத் தெரியுங்ணா" என்றுதான் ஆரம்பித்தார். எச்டிடிபிஎஸ் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. வந்தால் வியாபாரம் நடக்குமா?

வாட்ஸ்அப் வீடியோ கால். இளம் வயசு, கொங்குப் பேச்சு, அடிக்கொரு "ங்ணா". தனி இயங்குதளத்தோடு தனிக் கணினி போலப் பிரித்துத் தரும் கேவிஎம்-ஆ, ஒரே இயங்குதள மையத்தைப் பலர் பகிரும் கன்டெய்னரா என்று கேட்டேன். என் தங்கச்சி மகன் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், அவன் கேட்கச் சொல்லியிருந்த கேள்வி. கொஞ்சமும் யோசிக்காமல் "கேவிஎம் தாங்ணா, உங்க மெமரில வேற யாரும் கை வைக்க முடியாது" என்றார். உபுண்டு என்ற இயங்குதளத்தை ஏற்றினார், வயர்கார்டு என்ற விபிஎன் நிரலைப் போட்டார், ஒரு கியூஆர் கோடை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்கேன் செய்ததும் போனில் விபிஎன் வந்துவிட்டது. முன்னால் என் ஐபி (இணைய முகவரி) என்ன, இப்போது என்ன என்று திறந்து காட்டினார். இடம் மும்பை என்று வந்தது.

அதன் பிறகு செய்ததுதான் நடிப்பு. "சர்வர் பாஸ்வேர்டை நீங்களே போட்டுக்குங்ணா, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரையிலிருந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தட்டி முடித்து "ஆச்சு" என்று சொல்லும்வரை திரும்பவே இல்லை. எத்தனை கண்ணியமான பையன் என்று வீட்டில் கூடச் சொன்னேன். அந்தத் திருப்பிய முகத்துக்குத்தான் 14,160 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

பணம் ஒரு தனி ஆளின் யூபிஐ ஐடிக்குப் போனது. "கரண்ட் அக்கவுண்ட் பேங்க் மாத்திட்டிருக்கோங்ணா, பில் கம்பெனி பேர்ல வந்துரும்." தளத்தில் போட்டிருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பணம் கட்டும் முன்பே போர்ட்டலில் தேடிப் பார்த்தேன், தொழிலே அதுதானே. 33-இல் ஆரம்பிக்கும் தமிழ்நாட்டு எண், ஆக்டிவ் என்றே காட்டியது.

முதல் தகராறு பேங்க்கில் வந்தது. விபிஎன் போட்டால் பேங்க் பக்கம் திறக்கவில்லை. சர்வர் கம்பெனிகளின் ஐபியிலிருந்து வந்தால் சில தளங்கள் உள்ளே விடாது. கேட்டதற்கு வந்த பதில்: "பேங்க்குக்கு மட்டும் விபிஎன்ன ஆஃப் பண்ணிக்குங்ணா." லாட்ஜ் வைஃபையில் பேங்க் பார்ப்பதற்குத்தானே ஐயா இதை வாங்கினேன்! அதைக் கேட்டதும் சிரித்தார். நல்லாச் சிரித்தார்.

அப்புறம் வேகம் படுத்தது. ஒரு பக்கம் திறக்க காப்பி குடித்துவிட்டு வரலாம். தங்கச்சி மகன் ஊருக்கு வந்தபோது லேப்டாப்பைக் கொடுத்தேன். சர்வருக்குள் போய் எந்த வகை விர்ச்சுவலைசேஷன் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினான். எல்எக்ஸ்சி என்று வந்தது, அதாவது கன்டெய்னர். ஒரே கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையத்தை, எத்தனையோ பேருக்குப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். லாட்ஜ் அறைக்கு நாம் தனிப் பூட்டு போட்டுக்கொண்டாலும் மாஸ்டர் சாவி ரிசப்ஷனில் தொங்குகிற கதைதான். அந்த மெஷினின் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு என் ஃபைல் எல்லாம் திறந்த புத்தகம்.

அடுத்து அவன் காட்டியதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ரூட் கணக்கில், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிகள் இருக்கும் ஃபைலில் அவர்களுடைய சாவி ஒன்று உட்கார்ந்திருந்தது. சாவி இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை, நேராக உள்ளே வரலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, எதற்கு? அதோடு "சப்போர்ட்" என்ற பெயரில் இன்னொரு கணக்கு, அதற்கு நிர்வாக உரிமை வேறு. பாஸ்வேர்டு போட்டு நுழைவதையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். எஸ்எஸ்எச் வாசல் 22-ஆம் போர்ட்டை இணையத்தில் வைத்தாலே போதும், ரூட், அட்மின், சப்போர்ட் என்று ஊரில் உள்ள எல்லாப் பெயரையும் போட்டுப் பார்க்கும் ரோபோக்கள் ராத்திரி பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். யார் எப்போது நுழைய முயன்றார் என்று பதிவாகும் லாக் ஃபைல் முழுக்க அதுதான். ஒரு நாள் நள்ளிரவில் அந்த சப்போர்ட் கணக்குக்குள் வெளிநாட்டு ஐபி ஒன்று நுழைந்தது அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மொனேரோ என்ற கிரிப்டோ காசு தோண்டும் எக்ஸ்எம்ரிக் என்ற நிரல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பிராசசர் நூறு சதவீதம். வேகம் ஏன் வராதென்று அப்போது புரிந்தது. நான் போட்ட அத்தனை நீளப் பாஸ்வேர்டைத் தொட வேண்டிய அவசியமே யாருக்கும் ஏற்படவில்லை.

கியூஆர் கோடையும் அவன் விளக்கினான். வயர்கார்டில் அந்தக் கோடுக்குள் இருப்பது நம் ரகசியச் சாவி. நம் போனில் உருவாகி, போனை விட்டு வெளியே போகக் கூடாதது. அவர்கள் கணினியில் உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படம் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களெல்லாம் என் பெயரில் உள்ளே வரலாம். விபிஎன் போட்டால் லாட்ஜ்காரரை நம்ப வேண்டாம், உண்மை. ஆனால் அந்த நம்பிக்கை அப்படியே சர்வர்காரர் தலைக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் "சொந்த விபிஎன்" என்று விற்பதற்குப் பெயர் என்ன?

கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "டிக்கெட் போடுங்ணா". போட்டால், ஒரு வரி பதில் இல்லாமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டு மெயில் வருகிறது. திருப்பி போட்டேன். "டெக்னிக்கல் டீம் பாத்துட்டிருக்காங்க." அப்புறம் சீனியர் லீவு. அப்புறம் டேட்டா சென்டரில் மெயின்டனன்ஸ். அண்ணா, சார் ஆகிவிட்டார். "இது அன்மேனேஜ்ட் பிளான் சார், செக்யூரிட்டி உங்க பொறுப்பு." நீங்கள் வைத்த கணக்கு, நீங்கள் வைத்த சாவி, அதற்கு நான் பொறுப்பா? "சப்போர்ட் கணக்கு எல்லாருக்கும் வெக்கறதுதான் சார்." அப்படியென்றால் எல்லாருடைய சர்வரிலும் இதே கதைதான், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் பல்டி. என் சர்வரிலிருந்து வெளியே தாக்குதல் போகிறதாம், புகார் வந்திருக்கிறதாம், முடக்கிவிட்டார்கள். சுத்தம் செய்ய 2,500 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டுமாம். மாட்டேன், என் 14,160-ஐத் திருப்பிக் கொடு என்றேன். முறைகேடான பயன்பாட்டுக்குப் பணம் திரும்பாது என்று விதிமுறைப் பக்கத்தைத் தூக்கிப் போட்டார்கள். வெளியே எழுதுவேன் என்றதும் வக்கீல் மிரட்டல். இன்று காலை கணக்கே மாயம். மூன்று வருஷத்துக்குக் கொடுத்த 14,160, ஒரு வருஷம் கூட ஓடவில்லை.

பில்லும் வரவே இல்லை. அந்த ஜிஎஸ்டி எண்ணை இப்போது தேடினால் கேன்சல்டு. தொடர்ந்து ரிட்டர்ன் போடாமல் விட்டால் இலாகாவே ரத்து செய்துவிடும். ஆக என்னிடம் வரி என்று வாங்கிய 2,160 அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஜிஎஸ்டி பார்ப்பவனிடமே ஜிஎஸ்டி பெயரில் அடித்திருக்கிறார்கள், துணிச்சலைப் பாருங்கள்.

இன்னொன்று. சர்வர், விபிஎன் கொடுப்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி எல்லாவற்றையும் சரிபார்த்து, கணக்கு முடிந்த பிறகும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. இவர்கள் என்னிடம் கேட்டது வாட்ஸ்அப் எண் மட்டும். "நாங்க கேஒய்சி எல்லாம் கேட்டுத் தொந்தரவு பண்றதில்லீங்ணா" என்று அதையும் பெருமையாகச் சொன்னார்கள். அந்த சர்வரிலிருந்து யாரோ எங்கோ தாக்கியிருந்தால் யார் பெயர் வெளியே வரும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதற்காகவே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லி, சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிந்துவிட்டேன். பேங்க்கில், நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 14,160-க்கு யார் அலைவார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தால், நான் அலைவேன்.

படிப்படியாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு.

மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள். தனி ஆள் யூபிஐ-க்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம். அடுத்தவர் ஏற்றிக் கொடுத்த சர்வரை அப்படியே வைத்துக்கொள்ளாமல், சர்வரை நிர்வகிக்கும் பேனலில் போய் உபுண்டுவை நீங்களே புதிதாக ஏற்றுங்கள். எஸ்எஸ்எச் சாவியை உங்கள் கணினியில் உருவாக்குங்கள், உள்ளே வேறு சாவியோ வேறு கணக்கோ இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்வேர்டு நுழைவை மூடுங்கள். யாராவது முழு வயர்கார்டு கியூஆர் கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டே போதும், சர்வரே வேண்டாம். பொது வைஃபையில் தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் "தொடர்க" என்பதை அமுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், ராத்திரிதான் பதில் போட முடியும். 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள், தலைக்கு மேல் நிற்கிறது. அதற்கு நடுவில் ஒவ்வொரு கிளையண்டாகக் கூப்பிட்டு, போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் மாற்ற வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.