ஸ்பிட்ஃபயர் 1500: சம்ப்பைக் கழற்றினால் போதுமா, இன்ஜினையே இறக்கணுமா?

1980 வரை கவென்ட்ரியின் கேன்லி ஆலையில் தயாரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500-ல் கிராங்க்கை, அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். பேரிங் பார்க்க இரண்டு வழி: கார் கீழே படுத்து சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றுவது, அல்லது இன்ஜினை வெளியே எடுப்பது.

எந்த வழியானாலும் முதலில் கிளட்ச்சை ஒருவர் மிதிக்க, முன்பக்க புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புல்லி முன்னே நகர்ந்தால், பின் மெயினில், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. டயல் கேஜில் 0.004 முதல் 0.008 அங்குலம் வரை முன்பின் ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டியை ஓட்டாதீர்கள். வாஷர் கழன்று சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும்.

கோளாறு இது மட்டும்தான் என்றால் சம்ப் வழியே போதும். பின் மெயின் கேப்பைக் கழற்றிப் புது வாஷரைச் சுழற்றி உள்ளே தள்ளலாம். எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்கணும். அப்படியே பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) கேப்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஷெல் (பேரிங்கின் உள்தகடு) சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது, செம்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஜர்னலில், அதாவது ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் பகுதியில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் சிக்காமல், மைக்ரோமீட்டரிலும் வட்டம் சரியாக இருந்தால், அதே அளவில் புது ஷெல் போட்டு மூடிவிடலாம். மூடும்போது முன்பக்க அலுமினிய சீலிங் பிளாக்கில் கவனம்: கொஞ்சம் அழுத்தி முடுக்கினாலும் மரை போய்விடும்.

நகம் சிக்கினாலோ, ஜர்னல் நீள்வட்டமாகி இருந்தாலோ வேறு பேச்சே இல்லை, இன்ஜினை இறக்குங்கள். தேய்ந்த கிராங்க்கில் புது ஷெல் போட்டால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். படுத்துக்கொண்டு மெயின் ஜர்னலைச் சரியாக அளக்கவும் முடியாது. வெளியே எடுத்தால் கிராங்க்கை 10 அல்லது 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்ட் செய்து அதற்கேற்ற ஷெல் போடலாம், எண்ணெய் வழிகளையும் முழுசாகச் சுத்தம் செய்யலாம். செலவு பல மடங்குதான். ஆனால் பானெட் முழுசாகக் கழன்று வருவதால் இந்தக் காரில் இன்ஜினை இறக்குவது பெரிய பாடில்லை.

என் தேர்வு, முதலில் சம்ப். உள்ளே பார்க்காமல் இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

எந்த வழியில் போனாலும், எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரையே மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் புது ஷெல் எண்ணெய் இல்லாமல் சில நொடி கடகடக்கும்.