தைராய்டு கட்டி: ஸ்கேன் போதுமா, ஊசி வேண்டுமா?

விழுங்கும்போது ஏறி இறங்கும் கட்டி ஒன்று கழுத்தின் முன்புறத்தில் தட்டுப்பட்டதும், உடனே ஊசி குத்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஒருவர் சொல்வார். குத்தினால் பரவிவிடும், ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வோம் என்று அதே வீட்டில் இன்னொருவர் அஞ்சுவார். அல்ட்ராசவுண்ட் எந்தக் கட்டியைக் குத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஊசி, குத்திய கட்டி எத்தகையது என்பதைச் சொல்கிறது. இந்த வரிசையை மாற்றுவதில்தான் பெரும்பாலான வீண் அலைச்சல் தொடங்குகிறது.

இவை இரண்டுக்கும் முன்பாக டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனை அவசியம். தைராய்டு மிகையாகச் சுரந்தால் இதன் அளவு குறையும். அது குறைவாக இருந்தால் மட்டுமே, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திக் கட்டி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் ஐசோடோப் ஸ்கேனுக்குப் பொருள் உண்டு. ஏனெனில் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் 'சூடான' கட்டியில் புற்றுநோய் அரிது, அதற்குப் பொதுவாக ஊசியும் தேவைப்படாது. டி.எஸ்.எச். இயல்பாக இருப்பவருக்கு இந்த ஸ்கேனில் கட்டி 'குளிர்ந்தது' (அப்பொருளை உறிஞ்சாதது) என்று வந்தாலும் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது; குளிர்ந்த கட்டிகளிலும் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. திரவம் நிறைந்த பை கருமையாகவும், பஞ்சு போன்ற கட்டி சிறு சிறு அறைகளாகவும் தெரியும். இவற்றுக்கு ஊசி வேண்டியதில்லை. திடமாகவும் சுற்றுத் திசுவைவிட இருண்டும் இருப்பது, விளிம்பு ஒழுங்கற்றிருப்பது, உள்ளே வெண்புள்ளிகள் மின்னுவது, குறுக்குவெட்டில் அகலத்தைவிட உயரம் கூடியிருப்பது ஆகியவையே சந்தேகக் குறிகள். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் முறை இக்குறிகளுக்கு மதிப்பெண் தந்து, ஐந்தாம் நிலைக் கட்டி 1 செ.மீ., நான்காம் நிலை 1.5 செ.மீ., மூன்றாம் நிலை 2.5 செ.மீ. அளவை எட்டினால் ஊசி போடலாம் என்கிறது. குறை என்னவென்றால், பார்ப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்து முடிவு மாறும். ஆகவே, அளவும் நிலையும் குறிக்காமல் 'பல கட்டிகள் உள்ளன' என்று மட்டும் எழுதிய அறிக்கையை ஏற்க வேண்டாம்; விவரம் கேட்டு வாங்குங்கள்.

எஃப்.என்.ஏ.சி. எனும் ஊசிப் பரிசோதனையில், தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்க வைப்பார்கள். ஊசி உள்ளே இருக்கும் சில நொடிகள் எச்சில் விழுங்கக் கூடாது. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று முறை குத்தி, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பார்கள். ஊசியின் வழியே புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. அந்த அச்சத்தால் தள்ளிப்போடுவது எனக்கு வருத்தம் தருகிறது. முடிவு, செல்களின் தோற்றத்தை வைத்து வகைப்படுத்தும் பெதஸ்டா முறைப்படி ஆறு வகைகளில் ஒன்றாக வரும். இரண்டாம் வகை நிம்மதி தருவது. ஆறாம் வகை ஏறக்குறைய உறுதியான புற்றுநோய். புற்றா இல்லையா என்று தீர்த்துச் சொல்ல முடியாத மூன்றும் நான்கும்தான் சங்கடமானவை. ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து எழும் ஃபாலிகுலர் கட்டி புற்றா என்பதைத் தீர்மானிப்பது அது தன் உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதுதான்; அதை உதிரிச் செல்களில் பார்க்க முடியாது. முழுக் கட்டியையும் எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் மறுபடி ஊசி. நான்காம் வகைக்கு மரபணுப் பரிசோதனை, அல்லது சுரப்பியின் ஒரு பாதியை அகற்றும் அறுவை சிகிச்சை.

அப்படியானால் சிறிய கட்டிகளையும் குத்திப் பார்த்துவிடுவது நல்லதல்லவா? தென் கொரியாவில் பரவலான அல்ட்ராசவுண்ட் சோதனைகளால், கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-க்கும் 2011-க்கும் இடையே சுமார் 15 மடங்கு பெருகியது. இறப்பு விகிதமோ மாறவில்லை. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்துக் குறிகளற்ற புற்றுக் கட்டிகளை 1993 முதல் அறுக்காமல் கண்காணித்து வந்ததில், பத்தாண்டுகளில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே.

ஆனால் குரல் கம்முதல், கல்போன்ற இறுக்கம், வேகமான வளர்ச்சி, கழுத்தில் நெறிகட்டுதல், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றிருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், மேற்சொன்ன செ.மீ. கணக்கை நம்பிக் காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.