சனிக்கிழமைத் தமிழ் அணியிலக்கண வகுப்பு, ரோஸ் ஹில்: மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது

என் மகள் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்குத் தமிழ் எடுத்திருக்கிறாள். மொரீஷியஸில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதன் பாடு தெரியும். வீட்டில் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் காதில் விழுவது கோவிலிலும் பாட்டி வீட்டிலும்தான். முதலில் ஒரு டியூஷனில் சேர்த்தேன். அங்கே நோட்டு நிறைய, உவமை, உருவகம் போன்று செய்யுளுக்கு அழகு தரும் அணிகளின் பெயரும் விளக்கமும் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தாள். ஒரு நாள் நான் ஒரு குறளைக் காட்டி, இதில் என்ன அணி என்று கேட்டேன். பதில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. நானும் அந்தக் காலத்தில் அப்படியே மனப்பாடம் செய்து பாஸானவள். எனக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை.

தோழி ஒருத்தி சொல்லித்தான் இந்த வகுப்புக்கு வந்தோம். ரோஸ் ஹில் மெட்ரோவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு வீட்டு கராஜ். சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை, மாதம் 900 ரூபாய், பதினான்கு பிள்ளைகள். பெற்றோர் பின்னால் உட்காரலாம் என்றார்கள். நான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் மிஸ் பலகையில் 'மதிமுகம்' என்று எழுதி, அதன் கீழே 'முகமதி' என்று எழுதினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளைகள் விழித்தார்கள். பிரெஞ்சில் எப்படி என்று கேட்டார். 'கொம்' என்ற சொல் இருந்தால் கொம்பாரேசோன், அதை எடுத்துவிட்டால் மெத்தாஃபோர் என்று நாலு பேர் உடனே சொன்னார்கள். தமிழிலும் ஒப்புமையைக் காட்ட 'போல' என்ற உருபு உண்டு. மதிமுகத்தில் அது மறைந்து நிற்கிறது, மதி போன்ற முகம். அதனால் அது உவமைதான். இடம் மாற்றி முகமதி என்றால் முகமே நிலவாகிவிடுகிறது, அது உருவகம். உருபு போனதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எது முன்னால் வருகிறது என்று பாருங்கள் என்றார். இருபத்தைந்து வருடமாக நான் குழப்பிக்கொண்டிருந்த விஷயம் இது. மலரடி, அடிமலர் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தோம்.

அந்த வகுப்பின் முறையே இதுதான். வரி என்ன செய்கிறது என்று பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அணியின் பெயர் கடைசியில்தான் பலகைக்கு வரும்.

பிறிது மொழிதல் அணி எடுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறள். மயிற்பீலிதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். பீலி என்றதும் பிள்ளைகளுக்குக் காவடி நினைவு வந்துவிட்டது. அது எவ்வளவு லேசு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டிக்கு மிஸ் கரும்பு ஏற்றிய பழைய மாட்டுவண்டியைச் சொன்னார். என் தாத்தா ஓட்டிய சாரெத், அதாவது அந்த மாட்டுவண்டி, என் கண் முன்னால் வந்து நின்றது. எளிய பகைவர் பலர் சேர்ந்தால் வலிய அரசனும் வீழ்வான் என்பதுதான் குறள் சொல்ல வரும் பொருள். அப்புறம் கேட்டார்: குறளில் பகைவன் எங்கே, அரசன் எங்கே? வண்டியும் பீலியும் மட்டும்தானே இருக்கின்றன?

யாரும் பேசவில்லை. மிஸ் சட்டென்று "சிராந்தான்?" என்றார். பிள்ளைகள் ஒரே குரலில் "சாம்பெக்!" என்றார்கள். விடுகதை போடுமுன் சொல்லும் அழைப்பும் பதிலும் அவை. "திலோ திபுத்?" நிற்கும் தண்ணீர். "கான்!" கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்கும் தண்ணீர். "கோக்கோ!" தேங்காய். பாட்டிமார் போடும் கிரியோல் விடுகதைகள் இவை. சொல்ல நினைத்த பொருளை மறைத்து, அதைப் போன்ற இன்னொன்றை மட்டும் சொல்வது. வள்ளுவரும் அதைத்தான் செய்கிறார், ஆனால் அந்தக் குறள் நிற்கும் வலியறிதல் (வலிமையை அளந்தறிதல்) என்ற அதிகாரமே விடையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்றார் மிஸ். அதன் பிறகுதான் 'பிறிது மொழிதல்' என்று பெயர் எழுதினார். அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் இதற்கு ஒட்டு என்று பெயர் என்றும் சேர்த்துக்கொண்டார். என் மகள் இனி இதை மறக்கமாட்டாள். நானும்தான்.

தற்குறிப்பேற்றம் என்ற அணிக்குச் சிலப்பதிகாரம். மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கை காட்டி மறிப்பதாகப் புலவர் சொல்கிறார். இயல்பாக நடப்பதன்மேல் தன் கருத்தை ஏற்றுவது. வீட்டுப் பாடமாக ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார். ஜூனில் வெட்டுக்கு முன்னால் பூத்து நிற்கும் கரும்பு காற்றில் ஆடுவதை, 'இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்' என்று தலையாட்டிக் கெஞ்சுவதாக என் மகள் எழுதினாள். அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. செய்யுள் அமைப்பைச் சொல்லும் யாப்புக்கு இரண்டே வகுப்புகள். அசை, சீர், தளை என்று ஓடிவிட்டார்கள். எதுகை மோனை மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. வெண்பாவை அசை அசையாகப் பிரித்து அலகிடச் சொன்னால் என் மகள் இன்னும் திணறுகிறாள். கொடுக்கும் நகல் தாள்கள் மங்கல், 'ள'வும் 'ன'வும் ஒன்று போலத் தெரிகின்றன, தாள்களுக்கு எண்ணும் இல்லை. பரீட்சை விடை எழுதும் பயிற்சி மிகக் குறைவு. கராஜ் என்பதால் வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டில் அவசியம்.

தண்டியலங்காரத்தில் பொருளால் அழகு தரும் பொருளணிகள் 35. மூன்று மாதத்தில் இங்கே பன்னிரண்டுதான் நடத்தினார்கள். இது போதாது என்று ஓர் அப்பா குறைப்பட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பன்னிரண்டில் எதைக் காட்டினாலும் என் மகள் அடையாளம் சொல்கிறாள், ஏன் என்றும் சொல்கிறாள். ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள பிள்ளைகளை இங்கே அனுப்ப வேண்டாம், வேகம் தாங்காது.

சரி, அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டோம். யாப்புக்கு நான்கு சனிக்கிழமையாவது ஒதுக்குங்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். புதிதாகச் சேரும் பெற்றோரும் கேட்டால் ஒதுக்குவார் என்றுதான் தோன்றுகிறது.