ரஷ்யாவா, ஸ்பெயினா?

காரைக்குடியில் நாங்கள் கூடிப் படிக்கும்போது அரசே இல்லாமல் மக்கள் தாங்களே கூடி நடத்தலாம் என்கிற அரசின்மைவாதம் பற்றிப் பேச்சு வந்தால், எதை முதலில் படிப்பது என்பதில் ரஷ்யப் புரட்சி 1917, ஸ்பானியப் புரட்சி 1936 என்று இரண்டு கட்சியாகிவிடும். ரஷ்யா தந்தது பெரும்பாலும் எச்சரிக்கைதான்: 1921 மார்ச்சில், எதிர்த்து எழுந்த கிரான்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகளைக் கம்யூனிஸ்ட் அரசின் செஞ்சேனை நசுக்கியது, தப்பிப் பாரிஸ் போன உக்ரைன் அரசின்மைவாதி மாக்னோவும் தோழர்களும், கட்டுக்கோப்பான அமைப்பு இல்லாமல்தான் தோற்றோம் என்று 1926இல் எழுதப்போய், அரசின்மைவாதிகளுக்குள் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. சென்னையில் பிறந்த விடுதலைப் போராளி எம்.பி.டி. ஆச்சார்யாகூட அங்கே கம்யூனிஸ்டாக இருந்துவிட்டு அப்புறம்தான் அரசின்மைவாதத்தின் பக்கம் வந்தார்.

ஸ்பெயினில் செய்தே காட்டினார்கள். பார்சிலோனா டிராம்களைத் தொழிலாளர்களே நிர்வகித்தார்கள், அரகோன் கிராமங்களில் நிலத்தைச் சேர்ந்து உழுதார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், அரசே வேண்டாம் என்றவர்களில் நான்கு பேர் மந்திரியானார்கள்!

என் ஓட்டு ஸ்பெயினுக்கு. கண்மாய்த் தண்ணீரை ஊரே பேசிப் பங்கிட்டதைப் பார்த்தவர்களுக்கு (அதில் சாதி புகுந்தது வேறு கதை) அரகோன் சட்டென்று பிடிபடும். ரஷ்யாவை அதன் பிறகு படிக்கலாம்.